சூப் தீரும்வரை கவர் இருக்கட்டும்

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடாத மழை. தெருமுனைக் கடையில் கோழி சாசேஜ் பாக்கெட் ஒன்று வாங்கிவந்தேன். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், தக்காளி, ஒரு கிண்ணம் மக்ரோனி எல்லாம் சேர்த்துப் பெரிய பாத்திரம் நிறைய சூப் வைத்தேன். ஆளுக்கு இரண்டு கிண்ணம் போயும் பாதி மிச்சம். மூடி போட்டு அடுப்பு மேலேயே விட்டுவிட்டுப் படுத்துவிட்டோம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னவனுக்கு அதையே தளதளவென்று கொதிக்கவைத்துக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் வாந்தி ஆரம்பித்தது. இரவுக்குள் ஏழு தடவை.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டான்?" இரண்டாவது, "எப்ப செஞ்சது?" மூன்றாவது, "பாக்கெட் வெச்சிருக்கீங்களா?" பாக்கெட் அன்று காலையே குப்பை வண்டியில் ஏறிப் போயிருந்தது. கடையில் பில் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. நல்லவேளை, உப்பு சர்க்கரைக் கரைசலிலேயே பையன் மறுநாள் மாலைக்குள் தேறிவிட்டான்.

கடைக்காரரிடம் சண்டைக்குத்தான் கிளம்பினேன். காரணமும் இருந்தது. பாக்கெட்டைப் பிரித்தபோது சாசேஜ்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாக இருந்தன. உள்ளே உப்புக்கல் மாதிரி பனித்துகள். ஒருமுறை உருகி மறுபடி உறைந்த சரக்கு பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி ஃப்ரீசரை அணைத்துவிட்டுக் கடையைச் சாத்துகிறவர்கள் உண்டு என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் வாசலில் செருப்பை மாட்டும்போதே இன்னொன்றும் உறைத்தது: இருபது மணி நேரம் அடுப்பு மேல் கிடந்த பாத்திரம் என்னுடையது. தப்பு அவருடையதா, என்னுடையதா? கவரும் இல்லை, பில்லும் இல்லை, மிச்ச சூப்பையும் சாக்கடையில் கொட்டியாகிவிட்டது. இன்றுவரை தெரியாது.

முதலில் என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நேற்றைய மீன் குழம்பு இன்றைக்குத்தான் ருசி என்று வளர்ந்தவர்கள் நாம். புளியும் உப்பும் எண்ணெயும் சேர்ந்து சுண்டிய குழம்பில் கிருமி லேசில் வளராது. வேளைக்கு வேளை காய்ச்சியும் வைப்போம். அந்தக் கணக்கை சாசேஜ் சூப்புக்குப் போட்டால் செல்லாது. இதில் புளிப்பு குறைவு, தண்ணீர் அதிகம், கூடவே இறைச்சியும் மாவும். கிருமிக்கு இலை போட்டுப் பரிமாறியது போலத்தான்.

அதிலும் பாஸ்தா. கோதுமையிலும் அரிசியிலும் பாசிலஸ் சீரியஸ் என்றொரு கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். கொதிநீரில் அவை சாவதில்லை. பாத்திரம் மெல்ல ஆறும்போது முளைத்துப் பெருகி ஒரு நஞ்சைச் சுரக்கின்றன. அந்த நஞ்சைச் சூடு ஒன்றும் செய்யாது. பிரஷர் குக்கரில் வைத்தாலும் அழியாது. "நல்லா கொதிக்க வெச்சுத்தானே குடுத்தேன்" என்று நான் மருத்துவரிடம் சொன்னதற்கு ஒரு அர்த்தமும் இல்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. 2008இல் பிரஸ்ஸல்ஸில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் விடிவதற்குள் இறந்துபோனார். இது மருத்துவ இதழில் பதிவான சம்பவம். பெரும்பாலானவர்களுக்கு என் பையனுக்கு வந்தது போல வாந்தியோடு போய்விடும். எல்லோருக்கும் அப்படிப் போகும் என்று உத்தரவாதம் கிடையாது.

5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். நம் சமையலறை எந்நேரமும் அதற்குள்தான். ஆகவே சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் மிச்சத்தை ஃப்ரிட்ஜுக்குள் தள்ளிவிட வேண்டும். அதற்காகப் பெரிய பாத்திரத்தைச் சூட்டோடு அப்படியே உள்ளே ஏற்றக் கூடாது. நடுவில் இருக்கும் சூப் ஆற விடிந்துவிடும். அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தில் வைத்துக் கிளறினால் சீக்கிரம் ஆறும். மூன்று நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். பாஸ்தாவை நான் இப்போது சூப்பில் போடுவதே இல்லை. தனியாக வேகவைத்து, சாப்பிடும் நேரத்தில் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றிக்கொள்கிறோம். மிச்ச சூப்பில் ஊறிப் பெருத்துக் கூழாகும் தொல்லையும் அதோடு விட்டது.

இனி கடைப் பக்கம். உறைந்த இறைச்சி மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். கடையில் நம்மிடம் தெர்மாமீட்டர் இருக்காது; கை போதும். அழுத்தினால் கல் போல இருக்க வேண்டும். குலுக்கினால் சாசேஜ்கள் தனித்தனியாக ஆட வேண்டும். ஃப்ரீசரின் விளிம்புக்கு மேல் குவித்து வைத்த பாக்கெட்டை எடுக்காதீர்கள், அடியிலிருந்து எடுங்கள். மளிகை, காய்கறி எல்லாம் வாங்கி முடித்து, கடைசியாக இதை வாங்குங்கள். வீட்டில் உருகவைப்பதும் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு கிண்ணத்துக்குள். காலையில் மேடையில் எடுத்து வைத்துவிட்டு ஆபீஸ் போய்வருவது அந்த இருபது மணி நேரப் பாத்திரத்துக்குத் தம்பி.

பாக்கெட்டின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர ஆணையம்) உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண், பொருள் பட்டியல், ஒவ்வாமை எச்சரிக்கை, வாடிக்கையாளர் தொடர்பு முகவரி இவை எல்லாம் அவர்கள் விருப்பப்பட்டுப் போடுகிறவை அல்ல, சட்டப்படி போட்டே ஆக வேண்டியவை. அசைவக் குறி இப்போது பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். ஆனால் அந்த முக்கோணம் எந்தப் பிராணி என்று சொல்லாது. கோழி என்று முன்பக்கம் எழுதியிருந்தாலும் கொழுப்போ மேலுறையோ வேறு இடத்திலிருந்து வரலாம். பன்றிக் கொழுப்பும் மாட்டுக் கொழுப்பும் சேர்ந்திருந்தால் பொதுவாகக் கொழுப்பு என்று மழுப்பக் கூடாது, பெயர் சொல்லித்தான் எழுத வேண்டும் என்பது விதி. நோன்போ விரதமோ வழக்கமோ, தட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உண்பவருக்கு உண்டு. 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது: சேர்க்கைப் பொருளின் குறியீட்டு எண் மட்டும் போட்டால் போதாது, அந்தப் பொருள் தாவரத்திலிருந்து வந்ததா, பிராணியிலிருந்து வந்ததா என்பதும் தெரிய வேண்டும். சூப்பில் போடும் சுவைக்கட்டியை வாங்கும்போதும் இது ஞாபகம் இருக்கட்டும்.

சோயா, கோதுமை, பால், முட்டை இவற்றில் ஏதாவது சாசேஜுக்குள் இருப்பது சகஜம். ஒவ்வாமை உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், "கறிதானே" என்று அலட்சியமாக இருக்க முடியாது.

உப்புக்கு ஒரு சின்னக் கணக்கு. அடுத்து நான் வாங்கிய பாக்கெட்டில் 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றிருந்தது. 250 கிராமையும் போட்டால் 2,000 மில்லிகிராம். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்குமே அதற்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஒரு கிண்ணத்தில் கால் நாள் உப்பு இறங்கிவிட்டது, சுவைக்கட்டியும் கைஉப்பும் போடுவதற்கு முன்னாலேயே. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் தாத்தா பாட்டி அந்தக் கிண்ணத்தைத் தொடும் வீடுகளில் சாசேஜைப் பாதியாக்கி, பூண்டும் மிளகும் கூட்டி, உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடலாம்.

இளஞ்சிவப்பு நிறத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. அது நைட்ரைட் தரும் நிறம், பட்டியலில் ஐ.என்.எஸ். 250 என்றிருக்கும். அதைச் சேர்ப்பதற்கு ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் வுர்ட்டம்பெர்க் பகுதியில் சாசேஜ் தின்றவர்கள் கண் சொருகி, நாக்குழறி, மூச்சு நின்று செத்தார்கள். 1820களில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் (கவிஞரும்கூட) அந்த நோயை விவரமாக எழுதிவைத்தார். பொட்டுலிசம் என்ற பெயரே சாசேஜைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். நைட்ரைட் அந்த நோயை உண்டாக்கும் கிருமியைத் தடுக்கிறது. மறுபக்கம், பதப்படுத்திய இறைச்சி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது என்று 2015 அக்டோபரில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் வாய்ப்பு 18 சதவீதம் கூடுகிறது என்பது அதன் கணக்கு. தினமும் என்பதைக் கவனியுங்கள். மழைநாள் சூப் வேறு. வாரம் ஐந்து நாள் பிள்ளையின் டிபன் டப்பாவில் போகும் சாசேஜ் வேறு. எனக்குக் கவலை இரண்டாவதைப் பற்றித்தான்.

கர்ப்பிணிகளுக்கு மட்டும் தனியாக ஒரு சொல். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். 2017-18இல் தென்னாப்பிரிக்காவில் 'பொலோனி' என்ற சாசேஜ் வகை மூலம் அது பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்றார்கள், இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பச்சிளங்குழந்தைகள் அதில் நிறைய. "முன்பே சமைத்தது" என்று பாக்கெட்டில் எழுதியிருந்தாலும் நடுப்பகுதிவரை ஆவி பறக்கச் சூடாக்கித்தான் சாப்பிட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு வேறொரு ஆபத்து: வட்ட வில்லையாக நறுக்கிய சாசேஜ் மூச்சுக்குழாயைத் தக்கை போட்டது போல அடைத்துவிடும். நீளவாக்கில் நான்காக வகிர்ந்து, பிறகு பொடியாக நறுக்குங்கள்.

சரி, தப்பு கடையுடையதாகவே இருந்தால்?

பில் இல்லாமல் எதுவும் நகராது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள சரக்கை, பில்லில் சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் வாபஸ் இல்லை" என்று சுவரில் எழுதிவைத்தாலும் சட்டம் மாறிவிடாது. செயலியில் ஆர்டர் செய்கிறவர்களுக்கு ஒன்று: கொடுக்கும்போது ஆயுளில் 30 சதவீதமோ, காலாவதிக்கு 45 நாளோ மிச்சம் இருக்க வேண்டும் என்று இணைய வணிக நிறுவனங்களுக்கு 2024 நவம்பரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அறிவுறுத்தியிருக்கிறது. டெலிவரி வந்ததும் தேதியைப் படம் பிடித்துவிடுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால் முதலில் ஆஸ்பத்திரி. மலத்தில் ரத்தம், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, துவண்டு போதல் இவற்றில் ஒன்றிருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம். சீட்டில் "உணவு ஒவ்வாமல்" என்று மேலெழுந்தவாரியாக எழுதாமல், என்ன சாப்பிட்டது, எப்போது சாப்பிட்டது என்பதையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். மிச்ச உணவை மூடி, "தொடாதே" என்று எழுதி ஒட்டி ஃப்ரிட்ஜில் தனியாக வையுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கவரின் முன்னும் பின்னும், பில், கடையின் இடம் இவற்றைப் படமாக அனுப்பலாம். கவரில் உள்ள தொகுதி எண் முக்கியம். அதே தொகுதிச் சரக்கை ஃப்ரீசரிலிருந்து மாதிரி எடுக்க அலுவலருக்கு அதுதான் துப்பு.

யாரும் அதிகம் பயன்படுத்தாத உரிமை ஒன்று உண்டு. உணவுப் பாதுகாப்பு, தரநிலைகள் சட்டத்தின் 40ஆவது பிரிவுப்படி, வாங்குகிறவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். அறிக்கையில் சட்டமீறல் என்று வந்தால் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் பரிசோதனைக்குத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். சொன்னால் எந்தக் கடைக்காரர் சிரித்த முகமாக எடுத்துக் கொடுப்பார் என்பது வேறு கதை. பாதுகாப்பற்ற உணவால் பாதிக்கப்பட்டால் 65ஆவது பிரிவில் இழப்பீடும் உண்டு: சாதாரண பாதிப்புக்கு ஒரு லட்சம்வரை, கடும் பாதிப்புக்கு மூன்று லட்சம்வரை, உயிர் போனால் ஐந்து லட்சத்துக்குக் குறையாமல்.

பணம் திரும்ப வேண்டும், செலவுக்கு ஈடு வேண்டும் என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. கம்பெனி எந்த மாநிலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கெடு இரண்டு ஆண்டு.

அந்தக் கடைக்கு நான் மறுபடி போனேன், சண்டைக்கு இல்லை. பில் கேட்டேன். "முந்நூறு ரூபா பொருளுக்குப் பில்லா?" என்று சிரித்தார். நின்றேன். பில் புத்தகத்தைத் தேடி எடுக்க ஐந்து நிமிடம் ஆனது அவருக்கு. இப்போது என்னைக் கண்டதுமே கல்லாவுக்குள் கை போகிறது.

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில், கழுவித் துடைத்த காலி கவரும் பில்லும் காந்தத்தில் மாட்டித் தொங்கும். விருந்தாளிகள் ஒருமாதிரிப் பார்க்கிறார்கள். சூப் தீர்ந்து இரண்டு நாள் கழித்துச் சின்னவன்தான் அதைக் கழற்றிக் குப்பையில் போடுவான்.