பழைய கணினிக்குப் புத்துயிர்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11க்குத் தேவையான பாதுகாப்பு வசதிகள் பல பழைய கணினிகளில் இல்லை. அவற்றை வீசி எறிந்தால் மின்கழிவுதான் பெருகும். மாறாக, லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினால் அவற்றுள் பல மேலும் சில ஆண்டுகள் உழைக்கும்.

லினக்ஸின் மையப் பகுதியை 1991இல் உருவாக்கியவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அப்போது அவர் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட உபுண்டு, மின்ட் போன்ற இயங்குதளங்களை எவரும் இலவசமாகப் பதிவிறக்கம் செய்யலாம். அவை ஐ.எஸ்.ஓ. எனப்படும் ஒரே கோப்பாகக் கிடைக்கின்றன.

அக்கோப்பை விரலியில் நகலெடுத்தால் மட்டும் போதுமா? போதாது. கணினியை முடுக்கியதும், தாய்ப்பலகையிலுள்ள சிறு நிரல் ஒன்று முதலில் செயல்படுகிறது. அது வன்தட்டிலோ விரலியிலோ தொடக்க நிரல் இருக்கிறதா என்று தேடுகிறது. நகலெடுத்த கோப்போ கட்டுப் பிரிக்காத பொட்டலம் போன்றது. உள்ளிருக்கும் தொடக்க நிரல் கணினியின் கண்ணில் படாது. ரூஃபஸ், எட்சர் போன்ற மென்பொருள்களே கோப்பின் உள்ளடக்கத்தை உரிய முறையில் விரலியில் பதிக்கின்றன.

இதற்கு 8 ஜிகாபைட் விரலி பெரும்பாலும் போதும். மென்பொருளைத் திறந்து, கோப்பையும் விரலியையும் தேர்ந்தெடுத்துப் பதிவைத் தொடங்க வேண்டும். பின்னர், விரலியைப் பழைய கணினியில் செருகி, அதனை முடுக்கும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்றவற்றுள் அக்கணினிக்குரிய விசையை அழுத்த வேண்டும். திரையில் தோன்றும் பட்டியலில் விரலியைத் தேர்ந்தெடுத்தால் லினக்ஸ் இயங்கும். வன்தட்டில் எதையும் மாற்றாமலேயே லினக்ஸை இயக்கிப் பார்க்கும் வசதியும் உண்டு. இணையமும் ஒலியும் சரியாக உள்ளனவா என்பதை அப்போதே சோதித்துவிடலாம்.

எனினும், இப்பணியில் கவனம் மிக அவசியம். பதிவு தொடங்கியதும் விரலியில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். நிறுவும்போது 'வன்தட்டை அழி' என்பதைத் தேர்ந்தெடுத்தால், குடும்பப் படங்களும் பள்ளிக் கட்டுரைகளும் மறைந்துவிடும். 'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பதற்கேற்ப, முக்கியமான கோப்புகளை முன்கூட்டியே வேறோர் இடத்தில் சேமித்துவையுங்கள். அக்கணினியைப் பயன்படுத்தும் அனைவரின் ஒப்புதலையும் பெற்ற பின்னரே பணியைத் தொடங்குங்கள்.