35 சென்டிமீட்டர் தலைக்கு ஒரு குல்லா

பிறந்த குழந்தைக்குக் கையால் பின்னிய குல்லா வாங்கப் போனால், முதலில் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். பூவேலைக்கு நடுவே எதிர்ச் சுவர் தெரிந்தால் அது போட்டோவுக்கான குல்லா. குளிருக்கு ஆகாது.

மனித உடலின் சூட்டில் பாதி தலை வழியாகவே போய்விடுகிறது என்று ஒரு பேச்சு உண்டு. பெரியவர்களைப் பொறுத்தவரை அது வெறும் கதை. நம் தலையும் கழுத்தும் சேர்ந்தாலே உடல் பரப்பில் சுமார் 9 சதவீதம்தான். ஆனால் பச்சைக் குழந்தை விஷயத்தில் அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. அதன் நீளத்தில் கால் பங்கு தலை. தோல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மூளையோ உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் அதிகம், நமக்கு அது ஐம்பதில் ஒன்று. ஓயாமல் சூடு உண்டாக்கும் அந்த மூளையின் மேல் மெல்லிய எலும்பு, இன்னும் மூடாத உச்சிக்குழி, பேருக்குக் கொஞ்சம் பூனைமுடி. அடுப்பை மூட்டிவிட்டுக் கூரையைப் பிரித்துப் போட்ட வீடு போல.

குளிர்ந்தால் நமக்கு உடம்பு நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே சூடு பிறக்கும். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்க வராது. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது சூடு காண வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் அந்தச் சேமிப்பும் சொற்பம்.

குல்லா சூட்டைத் தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாமல் சிக்கிக்கொண்ட காற்றுதான் காப்பு. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் கதை மாறிவிடும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். அதனால்தான் பிறந்ததும் தலையை நன்றாகத் துவட்டிவிட்டுக் குல்லா போடுகிறார்கள். ஈரத் தலையில் போட்ட குல்லா ஈரத்துணிப் பற்றுதான்.

எந்தக் குல்லாவும் போதும் என்பதும் இல்லை. 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் ஸ்டாதர்ஸ் என்பவரின் ஆய்வு வெளியானது. மெல்லிய குழாய்த்துணியில் செய்த தொப்பி வெப்ப இழப்பைக் குறைக்கவில்லை. உள்ளே பஞ்சு வைத்த தொப்பி குறைத்தது. பிறகு வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் பனியன் துணி போன்ற ஒற்றைத் துணிக் குல்லாவுக்கு நல்ல சான்றிதழ் தரவில்லை. தடிமன்தான் வேலை செய்கிறது. கைப்பின்னல் குல்லாவின் பலமும் அதுவே. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே தொடங்கிய கங்காருத் தாய்ப் பராமரிப்பிலும், தாயின் மார்போடு ஒட்டிக் கிடக்கும் குறைமாதக் குழந்தையின் சொற்ப உடைகளில் குல்லா ஒன்று.

இனிப் பின்னலைப் பார்ப்போம். இரண்டு ஊசியில் பின்னுவது ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை இழுத்துக்கொண்டே போவது. வளையங்கள் நெளிந்து கொடுப்பதால் துணி விரியும், விட்டால் சுருங்கும். குரோஷா கொக்கியில் ஒவ்வொரு வளையமும் அங்கங்கே முடிபட்டு நின்றுவிடும். துணி தடிக்கும், நெகிழ்ச்சி குறையும். என் ஓட்டு ஊசிப் பின்னலுக்கே. விளிம்பில் மேடும் பள்ளமுமாக வரி ஓடும் ரிப் பின்னல் இருந்தால் காதை மூடி உட்காரும், நெற்றியில் தடமும் பதியாது. நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 36 சென்டிமீட்டர். குல்லா அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக வாங்கினால் அது கண்ணுக்கும் மூக்குக்கும் சரிந்து வரும்.

நூலைக் கண்ணால் தேர்ந்தெடுக்காதீர்கள், கழுத்தில் தேய்த்துப் பாருங்கள். சுமார் 30 மைக்ரானைத் தாண்டிய கம்பளி இழை தோலைக் குத்தும். மெரினோ அதைவிட மெலிது. கடையில் உல்லன் நூல் என்று தருவது பெரும்பாலும் அக்ரிலிக். துவைக்கச் சுலபம், வியர்வையை உறிஞ்சாது. நம் சமவெளி ஊர்களுக்குப் பருத்தி நூல் போதும். ஊட்டி, கொடைக்கானல் என்றால் கம்பளி. பஞ்சுபஞ்சாக உதிரும் முயல்முடி நூல் வேண்டாம், அது மூக்குக்குள் போகும். பொத்தான், மணி, உச்சிக் குஞ்சம், தாடைக்குக் கீழே கட்டும் நாடா எல்லாம் பார்க்க அழகு. கையோடு வந்தால் தொண்டைக்கும், இறுகினால் கழுத்துக்கும் ஆபத்து. குல்லாவை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நிறம் மாற்றிய இடங்களில் நூல் தொங்கினால் பிஞ்சு விரல் மாட்டிக்கொள்ளும்.

மார்கழி வந்தால் பாட்டிகள் இரவு முழுக்கக் குழந்தைக்குக் குல்லா மாட்டிவைப்பார்கள். இங்கே மட்டும் அவர்களோடு கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. சூடு தப்பிப் போகும் அந்தத் தலைதான், சூடு மிஞ்சினால் வெளியேற்றவும் வழி. உடல் அளவு மீறிச் சூடாவது தூக்கத்திலேயே நேரும் திடீர் மரணத்தோடு தொடர்புடையது. 2022-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் வெளியிட்ட அறிவுரைப்படி, பிறந்த முதல் சில மணி நேரமும் தீவிர சிகிச்சைப் பிரிவும் தவிர, வீட்டுக்குள் குல்லா வேண்டாம். கை கால் சில்லென்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு அது சகஜம். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

எத்தனை வாங்குவது? முதல் மாதத்திலேயே தலை சுமார் 2 சென்டிமீட்டர் பெருத்துவிடும். ஒரே அளவில் அரை டஜன் சேர்ப்பதில் அர்த்தமில்லை. இரண்டு போதும்: ஒன்று தலையில், ஒன்று கொடியில்.