குளிருக்கு ஒரு குவளை

மார்கழி பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் பொழுது புலருமுன்பே ஊர் விழித்துக்கொள்ளும். காவிரியும் கொள்ளிடமும் இரு புறமும் அணைத்துக் கிடக்கும் தீவு அல்லவா? அம்மாமண்டபம் படித்துறையில் பனி இறங்கி நிற்கும். வெப்பமானி என்னவோ 20 டிகிரி செல்ஸியஸை ஒட்டித்தான் காட்டும். ஸிம்லாவாசி கண்டால் சிரிப்பார். ஆனால் வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன் வரிசையில் நிற்பவரைக் கேளுங்கள். குளிர் இன்னதென்று அவர் சொல்லுவார்.

அத்தகைய மார்கழியில் ஒரு நாள், திருச்சிராப்பள்ளியில் என் வகுப்பு மாணாக்கர்களுக்கு, சார்லஸ் டிக்கன்ஸ் 1843-இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனம் திருந்திய கருமி, கதை முடிவில் தன் குமாஸ்தாவை ஆவி பறக்கும் பானம் ஒன்றை அருந்த அழைக்கிறான். "அது என்ன பானம், ஸார்?" என்று ஒரு பையன் கேட்டான். கிராம்பு செருகிச் சுட்ட ஆரஞ்சுப் பழத்தைத் திராட்சை மதுவில் ஊறவைத்து, சர்க்கரை சேர்த்துச் சுடவைப்பது என்றும், பனி பெய்யும் தேசங்களில் குளிர்காலத்துக்காக இப்படிப்பட்ட பானங்களை வீட்டிலேயே செய்வார்கள் என்றும் சொன்னேன். மணி அடித்தது. எல்லோரும் சென்ற பிறகும் அவன் மட்டும் நின்றான். "குளிருக்கு மது நல்லதா, ஸார்? எங்கள் அப்பா அப்படிச் சொல்லித்தான் தினமும்..." என்று இழுத்து நிறுத்தினான்.

அவனுக்குச் சொன்னதையே நேயர்களுக்கும் சொல்கிறேன்.

மது அருந்தியவனுக்கு உடம்பு சூடேறியதுபோல் தோன்றுவது மெய்தான். தோலின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை மது விரியச் செய்கிறது. உள்ளே இருந்த வெப்பம் இரத்தத்தோடு மேலே வந்து காற்றில் போய்விடுகிறது. தோல் சுடுகிறது, உள்ளுடம்பு குளிர்கிறது. வீட்டுக் கதவுகளையெல்லாம் திறந்துவைத்து, வாசல் எவ்வளவு கதகதப்பாயிருக்கிறது என்று மகிழ்வது போன்ற காரியம் இது.

மேனாட்டார் பானத்துக்கு மணமும் காரமும் கொடுத்த சரக்கோ நம் பக்கத்தது. மதுவில் தேனும் மிளகும் சேர்த்துக் காய்ச்சும் முறை, அபிஸியஸ் என்பவர் பெயரால் வழங்கும் பழைய ரோமானியச் சமையல் நூலிலேயே இருக்கிறது. அந்த மிளகு மேலைக் கடற்கரை முசிறித் துறையிலிருந்து கப்பலேறியது. கருமிளகு ஒரு ராத்தல் 4 தினாரியஸ் என்று பிளினி முதல் நூற்றாண்டில் எழுதிவைத்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் புறநானூறு குறிப்பிடுகிறது. 1945-இல் மார்டிமர் வீலர் அரிக்கமேட்டை அகழ்ந்தபோது அந்த மது ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. மிளகைக் கொடுத்து மதுவை வாங்கிய வியாபாரத்தில் யாருக்கு லாபம் என்பதை நேயர்களே தீர்மானிக்கலாம்.

நம் வீட்டுக் குளிர்காலப் பானம் சுக்குநீர். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியில்லை என்பது பழமொழி. ஸ்ரீரங்கத்தார் இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ளத் தயங்கலாம். முதற் பாதியை மறுக்கமாட்டார்கள். இஞ்சி காயும்போது அதன் காரச்சத்தில் ஒரு பகுதி மாறி, இன்னும் காரமான பொருளாகிறது என்று ரஸாயன சாஸ்திரமும் சொல்கிறது.

செய்முறை எளிது. நால்வருக்கு ஒரு விரற்கடை நீளச் சுக்கை எடுத்து மேல்தோலைச் சீவித் தட்டிக்கொள்ளவும். கொத்துமல்லி விதை இரண்டு தேக்கரண்டி, மிளகு பத்து, ஏலக்காய் இரண்டு. இவற்றைப் பச்சை வாடை போகும்படி வறுத்துப் பொடிக்கவும். எல்லாவற்றையும் நான்கு தம்ளர் தண்ணீரில் போட்டு, மூன்றரைத் தம்ளராகச் சுண்டும்வரை கொதிக்கவிடவும். இரண்டு எலுமிச்சம்பழ அளவு கருப்பட்டியைத் தட்டிப்போட்டு, கரைந்ததும் துளசி நாலு இலை கிள்ளியிட்டு இறக்கவும். மணல் இருக்கும், துணியில் வடிகட்டவேண்டும். கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரர் அதை விட்டுவிட்டுக் குடிக்கலாம்.

இந்தக் கருப்பட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. பனம்பாளையில் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் வடிவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. தடவாவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். மரமும் ஒன்று, பாளையும் ஒன்று. வித்தியாசம் ஒரு விரல் சுண்ணாம்பு. தூத்துக்குடி ஜில்லா உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆயினும் சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் மலிந்திருப்பதால், பார்த்து வாங்கவேண்டும். நல்ல சரக்கு வாங்கினால், உயிரைப் பணயம் வைத்துப் பனையேறுகிறவனுக்கும் கூலி போய்ச் சேரும்.

1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதில் சுகாதார மந்திரியாயிருந்தவர் நம் ஸ்ரீரங்கம் டாக்டர் டி. எஸ். எஸ். ராஜன். 1948-இல் மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கு 1971-இல் நீக்கப்பட்டது. பின்னர் வந்தும் போயும், 2003 முதல் அரசாங்க நிறுவனமே சில்லறைக் கடைகளை நடத்துகிறது. சட்டம் வரும், போகும். சமையலறை நம் கையில் இருக்கிறது.

பையன் செய்முறையை எழுதிக்கொண்டான். "நாள்பட்ட குடி ஒரு வியாதி, அப்பா. அதற்கு வைத்தியர் வேண்டும்; சுக்குநீர் மாத்திரம் போதாது" என்றும் சொல்லி அனுப்பினேன். தை பிறந்து பள்ளி திறந்தபோது நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனே வந்து சொன்னான்:

"இரண்டு நாள் சுக்குநீர் குடித்தார், ஸார். மூன்றாம் நாள் பழையபடிதான். ஆனால் அம்மா தினமும் அடுப்பில் வைக்கிறாள். 'என்றைக்காவது ஆஸ்பத்திரிக்கு வருகிறேன்' என்று நேற்றுச் சொன்னார்."

அந்த அம்மாளின் அடுப்பு அணையாதிருக்கட்டும்.