லாரியின் பழுதுக்கு ஓட்டுநர் மட்டுமா பொறுப்பு?

புது தில்லி: ஒசூரைத் தாண்டி கர்நாடகத்துக்குள் நுழையும் சரக்கு லாரிகள் முதலில் வந்து நிற்கும் ஊர் அத்திபெலே. பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 44-ல் உள்ளது இந்த எல்லை ஊர். 2017 ஜூலையில் சரக்கு-சேவை வரி வந்தபின் வணிக வரிச் சாவடிகள் மறைந்தன. போக்குவரத்துத் துறையின் கேள்விகளுக்கு ஓட்டுநர் நீட்ட வேண்டிய காகிதங்கள் மட்டும் குறையவில்லை: பெர்மிட், வரி ரசீது, காப்பீடு, ஓட்டுநர்கள் "எஃப்.சி." என்றழைக்கும் தகுதிச் சான்று.

சட்டம் எதிர்பார்ப்பது இதைவிட அதிகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவின்படி, தெரிந்தே பழுதுள்ள வண்டியை ஓட்டுவது மட்டும் குற்றமன்று. சாதாரண கவனத்துடன் பார்த்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய பழுதுடன் ஓட்டுவதும் குற்றமே. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கு 1,500 ரூபாய் அபராதம் விதித்தது. அப்பழுதால் விபத்து நேர்ந்து காயமோ சொத்துச் சேதமோ ஏற்பட்டால் 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஓட்டுபவரை மட்டுமன்றி, ஓட்டச் செய்பவரையும் ஓட்ட அனுமதிப்பவரையும் இப்பிரிவு குறிப்பிடுகிறது. ஆயினும் விபத்து நடந்த இடத்தில் போலீசார் கையில் அகப்படுபவர் ஓட்டுநர் ஒருவரே.

தகுதிச் சான்று இதற்கு விடையாகாது. 2018 நவம்பரில் திருத்தப்பட்ட விதியின்படி, 8 ஆண்டு வரையிலான சரக்கு வாகனத்துக்கு அது 2 ஆண்டும், அதற்கு மேற்பட்டதற்கு ஓராண்டும் செல்லும். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, ஹாரன், புகை எல்லாம் சோதிக்கப்படுவது ஒரு நாளில். பதினொரு மாதம் கழித்து, முழு லோடுடன் மலைச்சரிவில் இறங்கும்போது அந்த பிரேக் பிடிக்குமா என்பதைச் சான்று சொல்லாது.

அதைச் சொல்லக்கூடியவர் புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வரும் ஓட்டுநர்தான். காற்று பிரேக் உள்ள லாரியில் அழுத்தமானியின் முள் உரிய அளவுக்கு ஏறுகிறதா, எஞ்சினை நிறுத்தியபின் மளமளவென்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். காற்றுத் தொட்டியில் தேங்கிய நீரை வடிக்க வேண்டும். பின்புற இரட்டைச் சக்கரங்களில் உள் டயர் காற்றிழந்தால் வெளியிலிருந்து எளிதில் தெரியாது. அதனால்தான் கிளீனர்கள் ஒவ்வொரு டயரையும் தட்டி ஓசையைக் கேட்பார்கள். கிளீனர் இல்லாமல் ஒற்றை ஆளாக ஓடும் லாரிகளில் இந்த வேலையும் ஓட்டுநர் தலையில்தான். சக்கர நட்டு, பின்விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் பட்டை, தார்ப்பாய்க் கயிறு ஆகியவற்றையும் சேர்த்தால் கால் மணி, அரை மணி நேர வேலை. கிடங்கு வாசலில் பல மணி நேரம் லோடுக்காகக் காத்துக் கிடந்தவருக்கு, லோடு ஏறியதும் கிடைப்பது அந்த அரை மணியன்று. சீக்கிரம் போய்ச் சேரும்படியான கட்டளையே.

அத்திபெலேயிலிருந்து தெற்கே செல்லும் லாரிக்கு உண்மையான சோதனைச் சாவடி, தருமபுரியைத் தாண்டியுள்ள தொப்பூர் கணவாய். நீண்ட இறக்கத்தில் டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டால், வண்டியின் முழு எடையையும் பிரேக் மட்டுமே தாங்க நேரிடும்; சூடேறிய பிரேக் பிடிப்பை இழக்கும். அடிக்கடி விபத்து நேரும் இக்கணவாயில் 2024 ஜனவரி 24-ஆம் தேதி லாரிகளும் கார்களும் அடுத்தடுத்து மோதியதில் 4 பேர் உயிரிழந்தனர்.

அமெரிக்காவில் வண்டி பாதுகாப்பாக உள்ளது என்று திருப்தியடைந்த பின்னரே ஓட்டுநர் அதை எடுக்க வேண்டும். பழுது கண்டால் நாள் முடிவில் எழுதித் தர வேண்டும். பழுது நீக்கப்பட்டதாக, அல்லது உடனே நீக்கத் தேவையில்லை என்று நிறுவனம் கையெழுத்திட்ட பிறகே வண்டி மீண்டும் சாலைக்கு வரலாம். பாதுகாப்பற்ற வண்டியை ஓட்ட மறுப்பவரைப் பழிவாங்குவதை 1982-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கடமையுடன் மறுக்கும் உரிமையும் அங்கு எழுதப்பட்டுள்ளது. இங்கு எழுதப்பட்டிருப்பது கடமை மட்டுமே.

அபாயகரமான சரக்குகளுக்கு நம் விதிகளே சற்று வேறுபடுகின்றன. அனுப்புபவர், வாகன உரிமையாளர், ஓட்டுநர் ஆகிய மூவரின் பொறுப்பையும் மத்திய மோட்டார் வாகன விதிகள் தனித்தனியே வகுத்துள்ளன. ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சியும் கட்டாயம். ஆனால் சரக்கை இறக்கும் கூலித் தொழிலாளிக்கு அத்தகைய பயிற்சி ஏதுமில்லை. அத்திபெலேயில் 2023 அக்டோபர் 7-ஆம் தேதி, வாகனத்திலிருந்து பட்டாசுப் பெட்டிகளை இறக்கியபோது மூண்ட தீ கிடங்கை விழுங்கியது. முதல் இரு நாள்களிலேயே 14 பேர் பலியாயினர். பின்னர் எண்ணிக்கை உயர்ந்தது. மாண்டவர்களில் பெரும்பாலோர் தீபாவளி நேர வேலைக்கு வந்த தமிழக இளைஞர்கள்.

பணி நேரப் பிரச்னை தில்லி வரை வந்துள்ளது. சாலைப் பாதுகாப்பு குறித்து கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நீண்டுகொண்டே வந்தது. ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தின் பொது வரம்பு. அதை நடைமுறைப்படுத்தும் வழிகளை ஆராய மாநில அதிகாரிகளின் கூட்டத்தைக் கூட்டுமாறு மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தை 2025 ஏப்ரலில் நீதிமன்றம் பணித்தது. அதாவது, 64 ஆண்டுக்கு முந்தைய சட்டத்தை எப்படி அமல்படுத்துவது என்று பேசுவதற்கு! அதே ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அமலுக்கு வந்து அச்சட்டத்தின் இடத்தைப் பிடித்தன. 8 மணி நேர வரம்பு புதிய சட்டத்திலும் இருக்கிறது.