போலிக் குரலும் பொதுவாழ்வும்

சேலம் ஜில்லா பெத்தநாயக்கன்பாளையத்தில் 2024-ம் வருஷம் ஜனவரி 21-ந் தேதி கூடிய தி.மு.க. இளைஞர் அணி மாநாட்டில், 2018-ல் காலமான ஸ்ரீ மு. கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்துரை வழங்கினார். உருவமும் குரலும் செயற்கை நுண்ணறிவு யந்திரங்களால் சிருஷ்டிக்கப்பட்டவை. அடுத்த மாதம் 24-ந் தேதி, 2016-ல் மறைந்த செல்வி ஜெயலலிதாவின் குரலை அ.தி.மு.க. இதே விதமாக வெளியிட்டது. எடப்பாடி ஸ்ரீ பழனிசாமியை ஆதரிக்கும்படி அக்குரல் வேண்டியது. ஆகவே ஒரு கட்சியை மட்டும் குறை கூற நாம் முன்வரவில்லை.

சேலத்துக்கு இவ்வித்தை முற்றிலும் புதிதன்று. மாடர்ன் தியேட்டர்ஸார் 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் ஸ்ரீ பி.யு. சின்னப்பாவை இருவராகக் காட்டினார்கள். அதே ஸ்தாபனத்தின் 'மந்திரி குமாரி'யில் (1950) பிறர் வாய்க்கு வசனம் எழுதிக் கீர்த்தி பெற்ற ஸ்ரீ கருணாநிதியின் வாய்க்கே, அதே ஜில்லாவில், பிறர் வசனம் எழுத நேர்ந்தது விசித்திரந்தான். ஆனால் டிக்கட் வாங்கிக் கொட்டகைக்குள் நுழைந்தவன் தான் காண்பது ஜாலமென்பதை அறிவான். மாநாட்டுப் பந்தலில் இருந்தோரும் அறிவர். அக்காட்சியின் ஒரு துண்டு மட்டும் கைபேசி வழியே ராசிபுரத்துக் கிராமத் திண்ணை ஒன்றை அடையும்போது, உண்மை சொல்லப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? பேசுவது இறந்தவராயில்லாமல் உயிரோடிருக்கும் வேட்பாளராயிருந்தால்?

கோழியால் கொரோனா பரவுகிறதென்ற வதந்தி 2020-ல் கிளம்பியபோது நாமக்கல்லில் முட்டை விலை சரிந்து பண்ணைக்காரர்கள் தவித்ததை மறக்கலாகாது. அவ்வதந்திக்கு எவருடைய குரலும் தேவைப்படவில்லை. நாளை அதையே ஒரு சர்க்கார் வைத்தியரின் முகம் கூறினால் விளைவு என்னவாகும்?

இதனினும் நாம் அஞ்சுவது வேறொன்று. போலி பெருகினால் மெய்யும் மதிப்பிழக்கும். 2023-ல் தமிழ்நாட்டு மந்திரி ஒருவருடையதென வெளிவந்த குரல் பதிவை அவர் புனைவென மறுத்தார், மெய்யென்றோரும் இருந்தனர். இனி லஞ்சம் வாங்கிப் பிடிபட்டவனும் "அது நான் அல்ல, யந்திரம்" என்று கூறிவிடலாமன்றோ?

போலிகளை அறிந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் நீக்க வேண்டுமென்று தேர்தல் கமிஷன் 2024 மே மாதம் கட்டளையிட்டது. வாக்குப்பதிவுக்கு முந்திய இரவில் மூன்று மணி நேரம் ஒரு யுகம். 2026 பிப்ரவரியில் அமுலுக்கு வந்த மத்திய விதிகள், யந்திரப் படைப்புகளில் அடையாளம் இட வேண்டுமென்கின்றன. இதை வரவேற்கிறோம். ஆயினும் ஓரத்திலிட்ட எழுத்தை வெட்டியெறிவது சுலபம். குரலுக்குள்ளேயே அவ்வறிவிப்பு ஒலிக்க வேண்டும். நீக்கும் அதிகாரம் சர்க்கார் கையில் மட்டும் இருப்பதையும் நாம் ஒப்ப முடியாது. 1910-ம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டத்தின் கீழ் ஜாமீன் கட்டித் தவித்த பத்திரிகைகளின் சரித்திரம் நமக்குத் தெரியும்.

ஊழியர்களுக்கு ஒரு வேண்டுகோள். எதிர்க்கட்சியாரின் அவதூறான பேச்சு கைக்கு வந்தால், பேசிய ஊரையும் நாளையும் விசாரித்தறியும்வரை பிறருக்கு அனுப்பாதீர்கள். சர்க்காரை நாம் கேட்பது, ஜில்லாதோறும் தேர்தல் காலத்தில் பரிசோதகர் ஒருவரை நியமித்து, ஒவ்வொரு பதிவும் மெய்யா பொய்யா என்பதைக் காரணத்துடன் அன்றே எழுத்தில் வெளியிட வேண்டுமென்பதே. அம்முடிவின் மீது கோர்ட்டுக்குச் செல்லும் உரிமையும் வேண்டும்.