தொலைச் செயல்முறை அழைப்புகளில் தமிழ்ச் சரங்களின் வரிசையாக்கப் பிழைகள்: ‘கோவை’ என்னும் சொல்லை முன்வைத்து

முன்னுரை

கோவையில் 2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. உத்தமம் அமைப்பின் ஒன்பதாம் தமிழ் இணைய மாநாடும் அதனுடன் இணைந்து நிகழ்ந்தது. ஒருங்குறியையும் டேஸ்-16 குறிமுறையையும் தமிழக அரசு தரப்பாடுகளாக ஏற்றதும் அதே ஜூனில்தான். எழுத்துக் குறிமுறைச் சிக்கல் அத்துடன் ஓய்ந்தது எனக் கருதுவோர் உண்டு. திரையில் தோன்றும் எழுத்தைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மையே. வலைச் செயலிகளின் உள்ளே, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தரவு செல்லும் வழியில், அச்சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது.

மின்னூலகமொன்றின் தேடுபக்கத்தில் ஒரு சொல்லை இட்டவுடன், உலாவி தொலைவிலுள்ள வழங்கியின் தேடற்சார்பைத் தன்னுள்ளேயே இருப்பது போல அழைக்கிறது. இதுவே தொலைச் செயல்முறை அழைப்பு. இதன் செயலாக்கத்தை பிரெல், நெல்சன் ஆகிய இருவரும் 1984இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக விளக்கினர். நினைவகத்தில் கிளைவிட்டுக் கிடக்கும் பொருளை அப்படியே அனுப்ப இயலாது. ஒரே நேர்கோட்டுப் பைட்டுத் தொடராக மாற்ற வேண்டும். அம்மாற்றம் வரிசையாக்கம் எனப்படும். மறுமுனையில் பொருளை மீட்பது மீள்வரிசையாக்கம்.

ஒரு சொல், நான்கு நீளங்கள்

‘கோவை’ இலக்கணப்படி இரண்டெழுத்து. ஒருங்குறியில் ககரம், ஓகாரக் குறி, வகரம், ஐகாரக் குறி என நான்கு குறியெண்கள். யூடிஎஃப்-8 வடிவில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்வதால் சொல்லின் நீளம் 12 பைட்டு. ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் எனப் பிரித்து எழுதவும் ஒருங்குறி இடமளிக்கிறது. அவ்வாறாயின் 15 பைட்டு. டேஸ்-16 முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் உண்டு. எனவே யூடிஎஃப்-8 வடிவில் 6 பைட்டு. பழைய டிஸ்கியில் கொம்பு முன்னும் கால் பின்னுமாகக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் 5 பைட்டு. உரிய எழுத்துருவில் நான்கும் ஒன்றாகவே தோன்றும்.

வெளிப்படும் பிழைகள்

பிஎச்பி மொழியின் வரிசையாக்கச் சார்பு, சரத்திற்கு முன்னே அதன் பைட்டு நீளத்தையும் எழுதி வைக்கிறது. பிரிந்த வடிவிலுள்ள ‘கோவை’க்கு 15 என்று எழுதும். அத்தொடர் தரவுத்தளத்தில் சேர்ந்தபின், தரவைத் தூய்மை செய்வதாக எண்ணி எவரேனும் ஓகாரக் குறிகளை ஒன்றிணைத்தால் சரம் 12 பைட்டாகச் சுருங்கும். முன்னுள்ள எண்ணோ 15 ஆகவே நிற்கும். ஒரு சொல்லின் 3 பைட்டு குறைந்ததால் முழுப் பொருளும் மீட்க முடியாததாகிறது.

ஜேசன் வடிவில் நீளம் எழுதப்படுவதில்லை. எனினும் ஜாவாஸ்கிரிப்ட் ‘கோவை’யின் நீளத்தை 4 எனக் கூறும், அவ்வெண்ணையே செய்தியின் பைட்டு நீளமாகத் தலைப்பில் இட்டால் வாலில் 8 பைட்டு விடுபடும். பெறுமுனை ஜேசன்-ஆர்பிசி நெறியின்படி −32700 என்னும் பகுப்புப் பிழையை அறிவிக்கும். ஆங்கிலச் சோதனைத் தரவில் எழுத்தெண்ணும் பைட்டெண்ணும் ஒன்றாதலால் இப்பிழை அங்குத் தலைகாட்டாது. எக்ஸ்எம்எல்-ஆர்பிசியின் 1998ஆம் ஆண்டு வரையறை சரத்தை ஆஸ்கி எனவே குறித்திருந்தது. 2003இல்தான் அச்சொல் நீக்கப்பட்டது.

குறிப்பிட்ட பைட்டு எல்லையில் சரத்தை வெட்டுவதும் இத்தகையதே. எல்லை 50 எனில், 16 குறியெண்களுக்குப்பின் 2 பைட்டு அநாதையாக நிற்கும். பிஎச்பியின் ஜேசன் குறியாக்கச் சார்பு அதனை ஏற்காது ‘பொய்’ என்னும் மதிப்பைத் திருப்பும். உலாவிக்கு வெற்று விடையே கிட்டும். பிழை வழங்கியில் இருக்க, பழி உலாவியின் மேல் விழுகிறது.

வெளிப்படாத பிழை

ஆய்வாளருக்குக் கேடு பயப்பது இவ்வகையே. ‘கொங்கு’ இணைந்த வடிவில் 18 பைட்டு, பிரிந்த வடிவில் 21. கொங்குமண்டல சதகத்தின் மின்பதிப்பொன்று பிரிந்த வடிவில் சேமிக்கப்பட்டிருக்க, ஆய்வாளர் இணைந்த வடிவில் தட்டச்சிட்டால், ஜேசன் இரண்டையும் குறையின்றிக் கடத்தும். ஒப்பீடு மட்டும் தோற்கும். ‘முடிவுகள் 0’ என்னும் விடையைப் பிழையென எவரும் ஐயுறார். சொல்வழக்கு இல்லை என்றே குறித்துக்கொள்வர். பழைய குறிமுறைகளிலிருந்து செய்த மாற்றங்களும், கோப்புப் பெயர்களைப் பிரித்தே சேமித்த மேக் கணினியின் எச்எஃப்எஸ் பிளஸ் முறைமையும் பிரிந்த வடிவங்கள் நுழையும் வாயில்கள்.

பிழையிடம் காணல்

வரிசையாக்கத்திற்கு முன், பின், பெறுமுனையில், மீட்டபின் என நான்கு நிலைகளிலும் சரத்தின் பைட்டுகளைப் பதினறும எண்களாக அச்சிட்டு நோக்குதல் வேண்டும். திரையில் தெரியும் எழுத்து இங்குச் சான்றாகாது. பெறுமுனையில் பைட்டுகள் மாறியிருந்தால் குறை வழியில் உள்ளது. நான்கிலும் மாறாதிருந்தும் தேடல் தோற்றால் இரு வடிவங்கள் கலந்துள்ளன எனக் கொள்ளலாம். அந்நிலையில் ஒருங்குறியின் இணைவு இயல்பாக்கத்தை உள்ளீட்டு வாயிலிலும் சேமித்த பனுவல்களிலும் செய்தல் தகும். அது வரிசையாக்கத்திற்கு முன்னரே நிகழ வேண்டும்.

சோதனைச் சொற்களின் தேர்வும் கருதத்தக்கது. பொள்ளாச்சி, ஈரோடு, நொய்யல் ஆகியவற்றில் பிரியக்கூடிய குறி உண்டு. திருப்பூர், அவினாசி, கரூர் ஆகியவற்றில் இல்லை. பின்னவற்றை மட்டும் கொண்டு சோதித்த செயலி, முதல் ‘கோவை’யிலேயே தடுமாறக்கூடும். ‘கௌமாரம்’ என்பதில் ஔகாரக் குறிக்கு மாற்றாக எகரக் கொம்பும் ளகரமும் தட்டச்சிடப்பட்டிருந்தால் இயல்பாக்கமும் உதவாது. ஒருங்குறி அதனை வேறு சொல்லாகவே கொள்ளும். அது பதிப்பாசிரியர் கையால் திருத்த வேண்டியது.