அடக்கமுடையவர் என்று எழுதினேன்

பல்கலைக்கழகம் புகும் மாணவர் நற்சான்றுப் பத்திரம் வேண்டி ஆசிரியர் வீட்டு விறாந்தையில் வந்து நிற்றல் ஆண்டுதோறும் நிகழ்வதொன்று. முப்பதாண்டு ஆசிரியப் பணியில் யான் எழுதிய அத்தகைய பத்திரங்கள் நூற்றுக்கணக்கின. அவற்றை ஒருங்கே அடுக்கிப் பார்ப்பின், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரு தொடர் தவறாது காணப்படும்: "இவர் அடக்கமும் பணிவும் உடையவர்; மூத்தோர் சொற்கேட்டு நடப்பவர்." அத்தொடரை எழுதுங்காற் கை தானாகவே ஓடும். எழுதப்படுபவன் மெய்யாகவே அத்தகையனா என ஓரொருகால் நின்று எண்ணியதுண்டு. அத்தகையனாயின், அவ்வியல்பு அவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என எண்ணியதில்லை.

எண்ணவைத்தவன் ஒரு மாணவன். வகுப்பில் அவன் குரல் உயர்ந்து கேட்டதில்லை. யான் வாசற்படியில் ஏறுமுன் எழுந்து நிற்பான். கரும்பலகையைத் துடைத்து வைப்பான். சொன்ன பாடத்தைச் சொன்னவாறே மறுநாள் ஒப்புவிப்பான். அவனுக்கு எழுதிய பத்திரத்தில் அடக்கம் என்னுஞ் சொல்லை இருமுறை எழுதினேன் என்பது நினைவு. பல்கலைக்கழகத்தில் அவன் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபொழுது, எங்கள் பக்கத்து ஊரிலிருந்து அங்கே புதிதாய்ச் சென்ற பிள்ளையொருவன் தவணை நடுவே வீடு திரும்பிவிட்டான். பகிடிவதை தாங்கவில்லை. மீண்டும் போகவேமாட்டேன் என்று அறையைச் சாத்திக்கொண்டான். அவனை வதைத்தோர் கூட்டத்தில் என் மாணவனும் இருந்தான் என்ற செய்தி ஒரு கிழமை கழித்து என் செவிக்கு எட்டிற்று. அவன் யாரையும் அடிக்கவில்லை. கதவருகே காவல் நின்றிருக்கிறான். இரவில் ஒவ்வொரு பெயராய் வாசித்து அழைத்திருக்கிறான். விடுமுறையில் வந்தவனைக் கேட்டேன். தலை குனிந்தபடி, "அண்ணையாக்கள் சொல்லிச்சினம் ஐயா, மூத்த ஆக்கள் சொல்லேக்கை எப்பிடி மறுக்கிறது?" என்றான்.

யான் எழுதிய தொடரே அவன் வாயிலாக என்னிடம் திரும்பி வந்தது.

மாணவரின் இயல்பை அளந்தறிதல் எம்போன்ற பண்டிதர்க்குப் புதியதன்று. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி எட்டு உவமைகளால் விளக்குவர். அன்னமும் பசுவும் தலை. மண்ணும் கிளியும் இடை. ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பன கடை. இப்பகுதியை எத்தனையோ வகுப்புகளுக்குக் கற்பித்திருக்கிறேன். கற்பிக்கும்பொழுதே முன்வரிசையில் இருப்போரை மனத்துள் வகைப்படுத்தியும் இருக்கிறேன். ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம். நன்னூலார் கூறியது பாடத்தை ஏற்கும் முறைமை. வகுப்பறைக்கு வெளியே, எம் கண்ணுக்கு எட்டாத விடுதியொன்றில், அதே மாணவன் எதனை நம்புவான், எவ்வாறு நடப்பான் என்பதை அந்நூல் கூறப் புகவில்லை. அதனையும் அவ்வெட்டினுள் அடக்கியது எம் பிழை.

வெளியே நிகழ்வதை ஆராய்ந்தோர் அமெரிக்காவில் இருந்தனர். அவர்களுடைய ஆராய்ச்சிகளுள் மூன்றனை, இச்செய்தியை மனத்திற்கொண்டு படித்துப் பார்த்தேன்.

முதலாவது, வேர்மொண்ட் மாநிலத்துப் பெனிங்ரன் கல்லூரியில் நிகழ்ந்தது. 1932ஆம் ஆண்டில் மகளிர்க்கெனத் திறக்கப்பட்ட அக்கல்லூரியிற் கட்டணம் மிகுதி. ஆகவே செல்வர் வீட்டுப் பெண்களே பெரும்பாலும் அங்குச் சேர்ந்தனர். அவர்தம் பெற்றோர் பழமை பேணும் குடியரசுக் கட்சியின் சார்பினர். கற்பித்த ஆசிரியர்களோ பெரும்பாலும் இளைஞர். பொருளாதார வீழ்ச்சியால் நாடு நொந்திருந்த அந்நாளில் றூஸ்வெல்ற் கொணர்ந்த சீர்திருத்தங்களை ஆதரித்தவர். அவ்வாசிரியருள் ஒருவரான தியோடர் நியூகோம், 1935 முதல் 1939 வரை அம்மாணவிகளின் கருத்துகள் ஆண்டுக்காண்டு எவ்வாறு மாறுகின்றன எனத் தொடர்ந்து அளந்தார். 1936ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலின்போது முதலாண்டு மாணவிகளுள் 62 சதவீதத்தினர் குடியரசுக் கட்சியின் லாண்டனை ஆதரித்தனர். இரண்டாம் ஆண்டில் அது 43 சதவீதம். மூன்றாம் நான்காம் ஆண்டுகளில் 15 சதவீதம் மாத்திரமே. வீட்டிலிருந்து கொணர்ந்த நம்பிக்கை கல்லூரி வாசத்தில் இவ்வாறு கரைந்தது.

இவ்வளவோடு நின்றிருப்பின், சேர்ந்த இடத்தின் நிறத்தைப் பிள்ளைகள் பெறுவர் என்னும் பழைய முடிபையே இதுவும் கூறிற்று எனலாம். நியூகோமின் சிறப்பு அவர் எஞ்சிய 15 சதவீதத்தினரையும் விடாது நோக்கியதே. ஒரே விடுதியில் உறங்கி, ஒரே ஆசிரியரிடம் பாடங் கேட்டும் இவர்கள் ஏன் மாறவில்லை? தனித்தனியே வினவியபொழுது பலவகையினர் தெரிந்தனர். வீட்டின்மீது கொண்ட பற்றினால், தாய்தந்தையர் மனம் நோவரே எனக் கல்லூரியின் போக்கை அறிந்தே விலக்கினோர் சிலர். நாலைந்து தோழியர் கொண்ட சிறு வட்டத்துள் அடைந்து, கல்லூரி முழுவதும் தம்மைப் போன்றே எண்ணுகின்றதென நம்பியிருந்தோர் சிலர். மாறியோருள்ளும் அப்படியே. பெற்றோர் நிழலைவிட்டுத் தம் காலில் நிற்க விரும்பினோர், ஆசிரியரின் நன்மதிப்பை நாடினோர், தோழியரிடையே தலைமை பெற விழைந்தோர் எனக் காரணம் பலவாயின. வெளிக்கூட்டமொன்றிற் கல்லூரியின் சார்பிற் செல்லத் தக்கவர் யாரென மாணவிகளையே தேரச் சொன்னபொழுது, பழமையை நீங்கினோரே பெரிதும் தேரப்பட்டனர். அங்கே மதிப்பு எதனோடு பிணைந்திருந்தது என்பது இதனால் விளங்கும்.

ஆகவே இயல்பு வேலை செய்யாமலில்லை. ஆனால் அது நேரே கருத்தாக முளைப்பதில்லை. யாருடைய மதிப்பை இவள் தனக்கு வேண்டும் மதிப்பாகக் கொள்வாள் என்பதை இயல்பு தீர்க்கிறது. அவர் கருத்து பின்னர் இவள் கருத்தாகிறது. இணங்கும் இயல்புடைய பெண்ணொருத்தி தாயை நோக்கி இணங்கினாற் பழமையில் நிற்பாள். விடுதித் தலைவியை நோக்கி இணங்கினால் அதனை நீங்குவாள். குணம் ஒன்றே, விளைவு இரண்டு. ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளின் பின் நியூகோம் அப்பெண்களிற் பலரை மீண்டும் வினவினார். 1960ஆம் ஆண்டுத் தேர்தலில் அவருள் ஐவருக்கு மூவர் என்ற அளவினர் கெனடியை ஆதரித்திருந்தனர். கல்லூரியில் மாறிய மனம் இல்லறத்திலும் பெரும்பாலும் மாறாது நின்றது. தம் கருத்துக்கு இயைந்த கணவரையும் நண்பரையும் தாமே தேர்ந்துகொண்டமை அதற்கு ஒரு காரணம் என்பர்.

இரண்டாவது ஆராய்ச்சி சிறியது. ஆசிரியர்க்குச் சற்றுக் கசப்பானது. 1937ஆம் ஆண்டு வெளிவந்த தம் கட்டுரையில், விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஸ்ரீபன் கோரி என்பவர் அதனை விவரித்தார். 67 மாணவரிடம், பரீட்சையிற் களவு செய்தல் பற்றி அவர்கள் கொண்ட கருத்தை எழுதி வாங்கினார். பின்னர்ச் சிறு பரீட்சைகள் வைத்து, விடைத்தாள்களை அவர்கள் அறியாவாறு தாமே திருத்திப் புள்ளிகளைக் குறித்துக்கொண்டு, தாள்களைத் திருப்பிக் கொடுத்து அவரவரையே திருத்தச் சொன்னார். இரு புள்ளிகளுக்கும் இடையிலான வேறுபாடே களவின் அளவு. நேர்மையைப் பற்றி எழுதியதற்கும் திருத்தும்பொழுது செய்ததற்கும் தொடர்பு இல்லையென்றே சொல்லலாம். பாடத்தை ஆயத்தஞ் செய்துவந்தவன் களவு செய்யவில்லை; ஆயத்தமின்றி வந்தவன் செய்தான். நேர்மையைப் பற்றி நன்றாகக் கட்டுரை எழுதியவனுக்கு அதிக புள்ளி வழங்கிப் பழகிய எமக்கு இது விழுங்குதற்கரிய மருந்து.

மூன்றாவது, பிறின்ஸ்ரன் இறையியற் கல்லூரி மாணவரை வைத்து டாலி, பற்சன் என்னும் இருவர் நிகழ்த்தி 1973இல் வெளியிட்டது. அம்மாணவர் சமயப் பணிக்கென ஆயத்தமாவோர். ஒவ்வொருவருடைய சமயப் பற்று எத்தகையதென முதலில் வினாக்கொத்தால் அறிந்துகொண்டனர். பின்னர் வேறொரு கட்டடத்திற் சிற்றுரை ஆற்றுமாறு அனுப்பினர். பாதிப்பேருக்குக் கொடுத்த பொருள், வழியில் விழுந்து கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் ஒழுங்கையில், கதவோரத்தில் ஒரு மனிதன் சுருண்டு கிடந்து இருமி முனகுமாறு ஏற்பாடு செய்திருந்தனர். சிலரிடம், "நேரம் பிந்திவிட்டது, விரைந்து செல்க" என்றனர். சிலரிடம் உரிய நேரம் ஆயிற்று என்றனர். சிலரிடம் நேரம் இருக்கிறது என்றனர். நாற்பதின்மருள் நின்று உதவியோர் பதினறுவர். நேரமிருந்தோருள் 63 சதவீதத்தினர் உதவினர், இடைநின்றோருள் 45, விரைந்தோருள் 10 மாத்திரமே. சமயப் பற்றின் வகை, உதவினாரா இல்லையா என்பதை முன்கூட்டி உணர்த்தவில்லை. சமாரியன் கதையைச் சிந்தித்தவாறே சென்றமையும் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைச் செய்யவில்லை என்றனர். நாற்பது பேர் சிறு தொகை என்பதும், அவ்விறுதி முடிபைப் பின்வந்தோர் சிலர் ஐயுற்றனர் என்பதும் உண்மையே.

இவ்வாராய்ச்சியில் என்னை மிகவுங் கவர்ந்தது பலரும் எடுத்துக் கூறாத ஒரு சிறு பகுதி. உதவியோரின் உதவி ஒரு தன்மைத்தன்று. கொள்கையுறுதி மிக்கோர், அம்மனிதன் வேண்டாமென்ற பின்னரும் தாம் நினைத்த உதவியைச் செய்தே தீர முயன்றனர். சமயத்தை முடிவுறாத தேடலாகக் கொண்டோர் அவன் சொல்வதைக் கேட்டு அதற்கேற்ப ஒதுங்கினர். நிற்பதா போவதா என்பதைப் பொழுது தீர்த்தது. நின்றபின் எவ்வாறு நிற்பது என்பதை மனிதனின் இயல்பு தீர்த்தது.

இம்மூன்றையும் வைத்துக்கொண்டு என் மாணவனை மீண்டும் நினைத்தேன். அவன் அடக்கம் பொய்யன்று, வேடமும் அன்று. வகுப்பறையில் என்னை நோக்கியிருந்த அதே அடக்கம், விடுதியிற் சிரேஷ்ட மாணவரை நோக்கித் திரும்பிற்று. தனியே ஒரு விடுதிக்குப் போய்ச் சேர்ந்த பதினெட்டு பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அன்றைக்கு வேண்டிய மதிப்பு அவர்களிடமே இருந்தது. உணவுச்சாலையில் இடம், பழைய வினாத்தாள், காய்ச்சல் வந்தால் ஒரு கோப்பை தேநீர், எல்லாம் அவர்கள் கையில். பகிடிவதையைத் தடைசெய்து சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் இந்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. அச்சட்டத்தை அவன் அறிவான். பகிடிவதை தீது என்று கட்டுரை எழுதச் சொன்னாற் குறைவின்றி எழுதுவான். கோரியின் மாணவரும் அவ்வாறே எழுதியிருப்பர்.

அவன் வகுப்பிலேயே படித்த மற்றொருவனைப் பற்றியும் சொல்லவேண்டும். அவன் எதற்கும் எதிர்வினா எழுப்புவான். புணர்ச்சி விதியொன்றை யான் தவறாகச் சொன்னபொழுது, வகுப்பு நடுவே எழுந்து, "நூற்பா அப்பிடிச் சொல்லேல்லை ஐயா" என்றவன். அவனை என் மனத்துள் எருமைப் பட்டியலிற் சேர்த்திருந்தேன். அவன் பத்திரத்தில் அடக்கம் என்னுஞ் சொல் இல்லை. "திறமையுடையவர்" என்று மட்டும் எழுதி முடித்தேன். அதே பல்கலைக்கழகத்தில் அவன் வதைக்கும் கூட்டத்திற் சேர மறுத்தான். ஓராண்டு அவனோடு ஒருவரும் இருந்து உண்ணவில்லையாம். விரிவுரையாளரோடும் வாதாடி அங்கேயும் நல்ல பெயர் எடுக்கவில்லை என்றுங் கேள்வி. அவனை முன்மாதிரியாக உயர்த்த வரவில்லை. அவனோடு பழகுதல் எளிதன்று. எனினும் அன்று வீடு திரும்பிய பிள்ளையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து வரை வந்தவன் அவன் ஒருவனே.

பணிவைக் கற்பிக்கவேண்டா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணிவின்றி இலக்கணம் படித்தல் அரிது. ஆனால் முப்பதாண்டுகளாக ஒருவன் மறுத்துப் பேசியபொழுதெல்லாம் அவனை இருக்கச் சொல்லிவிட்டு, எங்கோ ஓர் இரவில் மூத்தோர் கட்டளையை அவன் மறுத்திருக்கவேண்டுமென்று எதிர்பார்க்க எனக்கு என்ன உரிமை?

சென்ற மாதம் ஒரு மாணவி தன் தாயுடன் பத்திரம் வாங்க வந்தாள். வழமையான தொடரை எழுதத் தொடங்கிய கையை நிறுத்தி, வேறுவிதமாய் எழுதினேன்: "இவர் சொல்வதை விளங்கிய பின்னரே ஏற்பவர். இருமுறை என் பிழையைத் திருத்தியிருக்கிறார்." தாய் வாசித்துவிட்டு முகம் வாடினார். "ஐயா, இதைப் பாத்தால் அடங்காத பிள்ளை எண்டு நினைக்கமாட்டினமோ? உதை எழுதத்தான் வேணுமோ?" என்றார்.

மாணவி ஒன்றும் பேசவில்லை. என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எழுதத்தான் வேணும், பிள்ளை" என்று தாயிடம் சொல்லிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.